பாசறையும் வண்டிலும்: வழித்தங்கலின் இன்பம் பற்றிய ஓர் இலக்கிய நோக்கு

முல்லைத் திணைக்குரிய உரிப்பொருள் இருத்தல் என்பர். குறித்த பருவத்தில் தலைவன் மீள்வான் என்னும் உறுதியோடு தலைவி மனையகத்தே ஆற்றியிருத்தலே அத்திணையின் உள்ளீடு. ஆயின், அத்திணையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட முல்லைப்பாட்டினை எடுத்து நோக்குவார்க்கு வியப்பொன்று தோன்றும். 103 அடிகளாலான அப்பாட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி மனையைப் பற்றியதன்று. காட்டை வெட்டி அமைத்த பாசறையைப் பற்றியது. இருத்தலைப் பாடவந்த நப்பூதனார், நிலைத்து இருத்தற்கு உரியதல்லாத ஓரிடத்தில் மனிதர் எவ்வாறு தங்கினர் என்பதை இத்துணை விரிவாகப் பாடியது ஏன் என்னும் வினா எழுதல் இயல்பே.

தொல்காப்பியர் வஞ்சித் திணையை முல்லையின் புறனாக வைத்தமை இவ்வினாவுக்கு விடைகாணத் துணைசெய்வது. மண் கருதிப் படையெடுத்துச் செல்லுதல் வஞ்சி. மனையில் காத்திருத்தல் முல்லை. இரண்டுக்கும் களம் காடே. போதலும் இருத்தலும் ஒரே காட்டின் இரு முகங்கள் எனக் கண்ட மரபில், வழியில் தங்குதல் என்னும் நிலை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. போகின்றவன் சிறிது இருக்கின்றான். இருந்தும் அவன் மனையில் இல்லை.

மின்கம்பியும் குழாய்நீரும் எட்டாத இடங்களிலே சிறு வீட்டுவண்டியொன்றை நிறுத்தி, அதனுள்ளே உண்டு உறங்கிச் சில நாள் கழித்து வருதல் இன்று உலகின் பல பாகங்களில் ஓய்வுநாட் பழக்கமாகியுள்ளது. குறுகிய இடத்தில், அளவான நீரில், அளவான ஒளியில் வசதியோடு தங்குவது எங்ஙனம் என்பதே அத்தகையோர் ஆராயும் பொருள். தமிழிலக்கியத்துக்கு அது புதிய பொருளன்று. பாசறையும் உப்புவண்டியும் அப்பொருளைப் பற்றியே பேசுகின்றன. அவற்றை நந்திக்கடற் கரையில் நின்று வாசிக்கும்போது, வசதி என்னும் சொல்லின் எடை வேறாகிவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. முல்லைப்பாட்டின் பாசறை

நப்பூதனார் காட்டும் பாசறை ஒழுங்கின் உருவம். காட்டாற்றை அடுத்து அகன்ற இடம் தெரிந்தெடுக்கப்படுகின்றது. பிடவமும் பசிய புதர்களும் வெட்டி அகற்றப்படுகின்றன. காட்டு முள்ளாலேயே மதில் வளைக்கப்படுகின்றது. உள்ளே தழைவேய்ந்த கூரைகள் தெருத் தெருவாக அமைகின்றன. சந்திகளில் யானைகள் காவல் நிற்கின்றன. விற்களையே கால்களாக ஊன்றிக் கயிறு கட்டிக் கூடாரம் எழுப்பப்படுகின்றது. போர்க்கருவி அங்கே வீட்டுக்கருவியாகின்றது. ஒரு பொருளை இரு பயனுக்குக் கொள்ளுதல் வழித்தங்கலின் முதல் விதி என்பதை அப்புலவர் அறிந்திருந்தார் எனலாம்.

அரசனுக்குரிய பகுதி பன்னிறத் திரைகளால் வேறாக்கப்பட்டுள்ளது. கச்சிலே வாள் செருகிய மகளிர் நெய்க்குழாயை ஏந்திவந்து, அணையுந்தோறும் விளக்குகளை ஏற்றுகின்றனர். நாழிகைவட்டிலின் நீரளந்து காலம் சொல்வோர் உள்ளனர். யவனர் அமைத்த உள்ளறையில் மணிவிளக்கு எரிகின்றது. காடு, ஒளி, காலம், காவல் என்னும் நான்கும் வரையறுக்கப்பட்டுவிட்டன. இதற்கு மேல் ஒரு பாசறைக்கு வேண்டுவது யாதுமில்லை.

எனினும் அரசன் உறங்கவில்லை. ஒரு கையைப் படுக்கையில் ஊன்றி, மறுகையில் தலையைத் தாங்கி, புண்பட்ட யானைகளையும் பட்டொழிந்த வீரரையும் அம்பு தைத்துப் புல்லுண்ணாது நிற்கும் குதிரைகளையும் எண்ணியிருக்கின்றான். சந்தியில் நிற்கும் யானைகளும் கரும்பையும் நெற்கதிரையும் உண்ணாது மறுப்பதை முன்னரே புலவர் காட்டியுள்ளார். பாகரின் இளைஞர் வடசொற் பயிற்றி அவற்றுக்குக் கவளம் ஊட்ட முயல்கின்றனர். யானை உண்ணவில்லை, குதிரை உண்ணவில்லை, அரசன் உறங்கவில்லை. எல்லா வசதியும் நிறைந்த ஓரிடத்தில் உணவும் உறக்கமும் மட்டும் மறுக்கப்பட்டு நிற்பதே இப்பகுதியின் நயம்.

இதனை மட்டும் எடுத்துக்கொண்டு, செல்வச் சிறப்பினாற் பயனில்லை என்பதே பாட்டின் கருத்து எனக் கொள்ளுதல் எளிது. அவ்வாறு கொள்வது முழுமையன்று. பாட்டு அவ்விரவோடு முடியவில்லை. போர் வென்றபின், பகையரசர் நடுங்க முரசு முழங்கும் அதே பாசறையிலே அவன் இனிது துயில்கின்றான். படுக்கை மாறவில்லை, விளக்கு மாறவில்லை, காவலும் மாறவில்லை. வினை முடிந்தது என்பது ஒன்றே மாற்றம். வினை முடியவே மீளும் நாள் கண்ணுக்குத் தெரிகின்றது, துயில் வருகின்றது.

அவன் துயிலும் காலத்தில் தலைவி எங்கே இருக்கின்றாள் என்பதையும் நோக்குதல் வேண்டும். எழுநிலை மாடத்தில், பாவைவிளக்கு ஒளிர, கூரையிறப்பிலிருந்து மழைநீர் அருவிபோல் விழும் ஓசையைக் கேட்டவளாய்க் கிடக்கின்றாள். மாடம் நிலையானது, கூடாரம் நிலையற்றது. விளக்கு இரண்டிடத்தும் உண்டு. ஆயின் துயில் கூடாரத்திலும் துயரம் மாடத்திலும் குடிகொண்டுள்ளன. வசதியை இடத்தின் பண்பாகக் காணாது, மீட்சியைப் பற்றிய அறிவின் பண்பாகக் கண்டமையே நப்பூதனாரின் தனிச்சிறப்பு. நச்சினார்க்கினியர் அடிகளை மாட்டு என்னும் முறையால் இடம் மாற்றிப் பொருள் கொண்டதை மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் மறுத்தார். பாட்டினை அது நடக்கும் நடையிலேயே வாசித்தால்தான் மனை, பாசறை, மீண்டும் மனை என்னும் இவ்வூசலாட்டம் புலப்படும். அவ்வகையில் அடிகளாரின் நிலைப்பாடே இலக்கியச் சுவைக்கு இயைந்தது.

2. உமணர் வண்டி

பாசறை அரசனுடையது, ஆயிரவர் ஏவல் செய்வது. அதற்கு நேர்மாறான வழித்தங்கல் ஒன்றைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையிற் காட்டுகின்றார். அது உப்பு விற்கும் உமணரின் வண்டி. அக்காலத்தின் வீட்டுவண்டி எனில் மிகையாகாது.

முழுமரத்தில் அமைந்த உருளை, உறுதியான பார், மேலே ஆரைப்புல் வேய்ந்த கூரை. வண்டியிலேயே கோழி அடையும் கூடு. யாப்பினின்று தொங்கும் சிற்றுரல். கயிற்றால் இறுக்கிக் கட்டிய காடிக்கலம். கைக்குழந்தையையுடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். ஆடவர் வேப்பந்தழை மாலை சூடி வண்டியின் மருங்கே நடக்கின்றனர். உணவு, உணவை ஆக்கும் கருவி, நாளைக்கு முட்டையிடும் கோழி, நாளைய தலைமுறையாகிய குழந்தை எல்லாம் ஒரு கூரையின் கீழ் அடங்கிவிட்டன.

இங்கே கவனிக்க வேண்டியவை உவமைகள். வண்டிக்கூரை மழைமுகிலைச் சுமந்த குன்றுபோல் உள்ளது. கோழிக்கூடு, யானை வாராது தினைப்புனம் காப்போரின் குடிலை ஒத்தது. சிற்றுரல் பெண்யானையின் முழந்தாளை ஒத்தது. கட்டிய கலம், ஆடுகளத்து மகளிரின் இசைக்கருவியை ஒத்தது. குன்று, புனம், காடு, ஆடுகளம் ஆகிய யாவும் அச்சிறு வண்டிக்குள் வந்து சேர்கின்றன. இடம் குறுகக் குறுக உவமை விரிகின்றது. முல்லைப்பாட்டில் நிகழ்வதோ இதன் மறுதலை. கடல்போற் பரந்த பாசறையின் கூடாரத்துக்கு உவமையாக வருவது, துறவி தன் முக்கோலில் தொங்கவிட்ட காவியாடை. அதன் காவலர்க்கு உவமை, தூறலிலும் காற்றிலும் அசையும் பூங்கொடி. பெரியது சுருக்கப்படுகின்றது, சிறியது பெருக்கப்படுகின்றது. இரு புலவரும் தங்குமிடத்தின் அளவை நம்பவில்லை என்பதை உவமைகளே காட்டிவிடுகின்றன. வன்னியில் இன்றும் வயலோரத்துப் பரணிலும் காவற்கொட்டிலிலும் யானைக்கும் பன்றிக்கும் விழித்திருக்கும் உழவனுக்கு, அக்கோழிக்கூட்டின் உவமை உரையின்றியே விளங்கும்.

பிற பாடல்கள் இச்சித்திரத்தை நிறைவாக்குகின்றன. புறநானூற்றில் ஒளவையார், பொகுட்டெழினியைப் போற்றவந்தவிடத்து, நுகம் பழகாத இளைய எருதுகள் பூட்டி, பண்டம் மிகுதியாக ஏற்றிய வண்டியின் அடியில் உமணர் கட்டிச்செல்லும் சேம அச்சினை உவமையாக்குகின்றார். பள்ளமும் மேடும் எங்கு வரும் என்பதை யார் அறிவார் என்னும் கவலையே அவ்வச்சுக்குக் காரணம். தேவைக்கு மேற்பட்ட பொருளுக்கு இடமில்லாத வண்டியில், முறிந்தபின் மட்டும் பயன்படும் ஒரு பொருளுக்கு இடம் ஒதுக்கப்படுகின்றது. வழித்தங்கலின் வசதி, இல்லாமையைப் பழகுவதில் மட்டுமன்றி இடரை முன்னுணர்வதிலும் தங்கியுள்ளது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. சிறுபாணாற்றுப்படையில் உமணர் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடும் மந்தி, பிள்ளைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகின்றது. விளையாட்டுக்கும் அவ்வண்டித்தொடரில் இடமுண்டு.

இவ்வாழ்வினைப் புலவர்கள் இன்பமயமாக மட்டும் காட்டவில்லை. அகநானூற்றில் உமணர் விட்டுச்சென்ற கல்லடுப்பிலே பின்வந்த மழவர் ஊன் புழுக்குகின்றனர். ஒருவர் தங்கிய இடம் மற்றவர்க்குப் பயன்படுகின்றது. ஆயின் அம்மற்றவர் ஆநிரை கவரும் வில்லாடவர். தங்கிச்சென்றவர்க்குத் தம் அடுப்பின் பிற்கால வரலாறு தெரிவதில்லை. புறநானூற்றின் இன்னொரு பாடலில், கால் முடமான எருதொன்றை நீரும் புல்லும் இன்றி யாருமில்லாவிடத்து உமணர் கைவிட்டுச் செல்கின்றனர். ஒரு வீரனுக்கு உவமையாகவே அது வந்தது எனினும், வண்டியின் வசதிக்கு விலை கொடுத்தது எது என்பதை அப்புலவர் மறைக்கவில்லை. எருது இழுக்கும்வரைதான் அது குடும்பத்தின் உறுப்பு.

இவ்விடத்து மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று பொருத்தமுடையது. கடற்படை மருத்துவராக இருந்த கோர்டன் ஸ்ரேபிள்ஸ் 1885 இல் ‘வாண்டரர்’ என்னும் வீட்டுவண்டியைக் கட்டுவித்து, பிரித்தானியாவில் உலாவந்து, அதனை நூலாகவும் எழுதினார். ஓய்வுக்காகவே கட்டப்பட்ட வீட்டுவண்டிகளின் தொடக்கமாக அதனைக் கொள்வர். அதனை இழுத்தவை இரு குதிரைகள். உடன் சென்றவர்கள் ஒரு வண்டியோட்டியும் ஒரு பணியாளனும். உமணர் பிழைப்பிற்காகச் செய்ததை அவர் பொழுதுபோக்கிற்காகச் செய்தார். பிழைப்பு உல்லாசமாக மாறும்போது உழைப்பவர் மறைவதில்லை. நூலின் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். சங்கப் புலவன் ஓரத்தில் நின்ற எருதுக்கும் ஒரு பாடலில் இடம் தந்தான்.

3. நந்திக்கடற் கரை

முல்லைத்தீவு மாவட்டத்தில் நந்திக்கடலின் மேற்குக் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் உள்ளது. அதன் தோற்றம் பற்றிய மரபுக்கதை வழித்தங்கலின் கதையே. மதுரையை எரித்தபின் ஈழத்துக்கு வந்த கண்ணகி பல இடங்களில் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடம் பத்தாப்பளை. அதுவே வற்றாப்பளையாயிற்று என்பர். அங்கே மாடு மேய்க்கும் சிறுவர் முன் மூதாட்டியின் வடிவில் அவள் தோன்றித் தங்க இடம் கேட்டாள். சிறுவர் குழைகளால் பந்தரிட்டுக் கொடுத்தனர், பொங்கிப் படைத்தனர். பொழுது பட்டது. விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றனர். கடல்நீரை எடுத்து ஏற்றுமாறு அவள் கூறினாள். விளக்கு எரிந்தது.

இக்கதையை முல்லைப்பாட்டோடு வைத்து நோக்கும்போது ஒப்புமைகள் தெளிவாகும். அங்கே தழைக்கூரை, இங்கே குழைப்பந்தர். அங்கே நெய்க்குழாய் ஏந்திய மகளிர். இங்கே எண்ணெயற்ற சிறுவர். அங்கே ஆயர்மகள் கன்றுக்குச் சொன்ன நற்சொல் தலைவிக்கு விரிச்சியாகின்றது. இங்கே ஆயச்சிறுவரின் கைகள் தெய்வத்துக்குத் தங்கிடம் அமைக்கின்றன. இரண்டும் முல்லைநில மாந்தரின் துணையாலேயே நிறைவெய்துகின்றன. ஆனால் வேறுபாடு பெரிது. பாசறை தன் எண்ணெயையும் யவனரையும் உடன் கொண்டு வந்தது. வற்றாப்பளை விளக்கோ அவ்விடத்தில் உள்ளதைக் கொண்டே எரிந்தது. கணவனையும் வீட்டையும் நகரையும் இழந்து வந்தவளுக்குத் திரும்பும் இடம் எதுவும் இல்லை. அவளுக்கு வசதி செய்து கொடுத்தது பொருள் அன்று. கேட்டவுடன் இடம் கொடுத்த சிறுவரின் மனம். மீளும் நாள் இல்லாதவர்க்கு விருந்தோம்பலே மீட்சியாகின்றது என்பது இக்கதையின் உட்பொருள்.

ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலை ஒட்டி, சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீரில் விளக்கெரிக்கும் வழக்கம் இக்கதையை உயிரோடு வைத்திருக்கின்றது. பேருந்துகள் பெருகுமுன் அடியவர்கள் கூடாரவண்டில்களில் குடும்பத்தோடு வந்தனர். அக்கூடாரவண்டில் உமணர் வண்டியின் வழித்தோன்றல். கிடுகினால் மேற்கூரை, உள்ளே பாயும் வைக்கோலும், பாத்திரங்களும் அரிசியும் ஒரு மூலையில், அச்சின் அருகே தொங்கும் அரிக்கன் லாம்பு. எருதுகளை அவிழ்த்துக் கட்டியபின் வண்டிலின் அடியே நிழல், நிழலில் முதியோர். மூன்று கல் வைத்தால் அடுப்பு. சோளகக் காற்றின் திசை பார்த்து அடுப்பின் வாய் அமையும். வேப்பங்குழையின் புகை நுளம்பை விரட்டும். இவையனைத்தும் எந்நூலிலும் கல்லாது, கண்டு கைவந்த அறிவு.

இன்றைய வீட்டுவண்டியின் கணக்கும் அடிப்படையில் இதுவே. 12 உவோற்று, 100 அம்பியர் மணி கொண்ட ஈய மின்கலவடுக்கு ஒன்றில் அடங்குவது 1,200 உவாற்று மணி. அது நெடுநாள் உழைக்க வேண்டுமாயின் பாதியளவே செலவிடலாம். 20 உவாற்று விசிறி பத்து மணித்தியாலம் சுழன்றால் 200 உவாற்று மணி போய்விடும். எஞ்சிய 400 இல் விளக்கும் பிறவும் அடங்கவேண்டும். வன்னி வெயிலில் வண்டியை வெளியில் நிறுத்தினால் கூரையின் சூரியத்தகடு மின்னைத் தரும். உள்ளே இருத்தல் அரிது. பாலைமர நிழலில் நிறுத்தினால் இருக்கலாம், தகடு உறங்கிவிடும். நீர்த்தொட்டியைப் பெரிதாக்கினால் வண்டி கனக்கும். சிறிதாக்கினால் அடிக்கடி கிணறு தேடவேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை விடுதல் என்னும் இவ்விதி, கோழிக்கூட்டுக்கும் சிற்றுரலுக்கும் சேம அச்சுக்கும் இடம் வகுத்த உமணர்க்கும் தெரிந்ததே. கருவிகள் மாறியுள்ளன, அளந்து வாழ்தல் மாறவில்லை.

கூடாரவண்டிலில் வந்த அடியவர்க்கு இரண்டு பேறுகள் இருந்தன. குடும்பம் பிரியாது உடன் இருந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் திரும்பும் வழியும் வீடும் இருந்தன. முல்லைப்பாட்டின் அரசனுக்கு இரண்டாவது மட்டும் உண்டு. உமணர்க்கு முதலாவதே பெரிது. இரண்டும் ஒருங்கே வாய்த்தமையால்தான் மணலிற் படுத்த மூன்று இரவுகள் முதியோர் நினைவில் ஆண்டுக்கணக்கில் இனித்தன.

4. ஒப்புமையின் எல்லை

திறனாய்வு இவ்விடத்தில் நின்றுவிடுமாயின் அது அழகிய பொய்யாகிவிடும். இம்மண்ணிற் கூரையோடு கூடிய வண்டிகள் இன்னொரு முறையும் ஊர்ந்தன.

அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இல் வீரகேசரி வெளியீடாக வந்தபோது, தண்ணிமுறிப்பு என்னும் காட்டுக் கிராமம் ஈழத்து வாசகர்க்கு அறிமுகமாயிற்று. கடைத்தெருவும் மின்னொளியும் எட்டாத அக்குடியிருப்பின் வாழ்வில் குறையை மட்டுமன்றி நிறைவையும் அந்நாவல் கண்டது. 1984 ஆம் ஆண்டின் இறுதியில் தண்ணிமுறிப்பு உள்ளிட்ட அப்பகுதிக் கிராமங்களின் தமிழ் மக்கள் வெளியேற நேர்ந்தது. நாவல் காட்டிய வீடுகள் அதன்பின் வாசகரின் மனத்திலேயே நின்றன. தாமே விரும்பி ஒதுங்கி வாழ்வது வேறு. ஒதுக்கப்படுவது வேறு என்பதை அந்நாவலின் பிற்கால வாசிப்பு கற்பித்தது.

2008 இன் பிற்பகுதி முதல் 2009 மே வரை நிகழ்ந்தது அதனினும் பெரிது. கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். உழவு இயந்திரப் பெட்டிகளில் கூரைத்தகடும் மரமும் தறப்பாளும் பாத்திரங்களும் நெல்மூட்டையும் கோழியும் குழந்தையும் ஏற்றப்பட்டன. பெரும்பாணாற்றுப்படையின் பட்டியல் ஏறத்தாழ அவ்வாறே மீண்டது. 2008 நவம்பரில் நிசா புயலின் மழை அவர்களின் தற்காலிகக் குடில்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. முல்லைக்குக் கார்ப்பருவம் மீட்சியின் அறிகுறி. அக்கார்ப்பருவம் எவரையும் மீட்டுக்கொண்டுவரவில்லை. விசுவமடு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, இரணைப்பாலை, புதுமாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் எனத் தங்கிடம் மாறிக்கொண்டே சென்றது. ஒவ்வோரிடத்திலும் கூரை மீண்டும் எழுப்பப்பட்டது. ஒவ்வோரிடத்திலும் சுமை குறைந்தது. கடற்கரை மணல் சரியாதிருக்கச் சேலைகளைப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழிகளைக் காத்தனர். ஒரு பொருளை இரு பயனுக்குக் கொள்ளுதல் வழித்தங்கலின் முதல் விதி எனப்பட்டது. மணச்சேலை மண்மூட்டையாவது அவ்விதியின் கடைசி எல்லை.

புறநானூற்றில் மனிதர் எருதைக் கைவிட்டனர். 2009 மே மாதத்தில் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் உழவு இயந்திரங்களும் வண்டிகளும் ஈருருளிகளும் கைவிடப்பட்டுக் கிடந்தன; மனிதர் வெறுங்கையோடு நடந்தனர். பல்லாயிரவர் நடக்கவும் இல்லை. அந்நீர்ப்பரப்பின் மறுகரையில்தான் மூதாட்டிக்குச் சிறுவர் குழைப்பந்தர் இட்ட இடம்.

உயிரோடு வெளியேறியோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரங்களில் வைக்கப்பட்டனர். அங்கே கூடாரம் இருந்தது, நீர் அளந்து கொடுக்கப்பட்டது, உணவு இருந்தது, காவல் மிகுதியாகவே இருந்தது. முள்ளுக்கம்பியும் இருந்தது. முல்லைப்பாட்டின் முள்வேலி உள்ளிருப்போரைக் காக்க வளைக்கப்பட்டது. இவ்வேலி உள்ளிருப்போர் வெளியேறாதிருக்க வளைக்கப்பட்டது. வேலி ஒன்றே, பொருள் தலைகீழ். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேறியோர் நந்திக்கடலோரக் கேப்பாப்பிலவு மக்கள். அவர்களும் தத்தம் வீடுகளுக்குச் செல்லவில்லை, சீனியாமோட்டையில் குடியமர்த்தப்பட்டனர். முகாம் முடிந்தது, தங்கல் முடியவில்லை.

ஆகவே, குறைந்த பொருளோடு வாழ்வதே இன்பம் என்னும் பொதுமொழியை இம்மண்ணில் எச்சரிக்கையின்றிக் கூறுதல் தகாது. இழந்தவரிடம் எளிமையைப் போற்றுவது இரக்கமன்று. பாசறையும் முகாமும் கூடாரத்தால் ஒன்றாகலாம்; அக்கூடாரத்தை எப்போது கழற்றுவது என்பதை முடிவு செய்பவர் யார் என்பதில் அவை முற்றாக வேறுபடும். சொற்களின் ஒப்புமையைக் கண்டு பொருளின் ஒப்புமையை முடிவுசெய்தல் திறனாய்வின் பெரும் பிழைகளுள் ஒன்று.

5. முடிபு

மேற்கூறியவற்றால், தமிழிலக்கியம் வழித்தங்கலின் இன்பத்தைப் பொருட்பட்டியலால் அளக்கவில்லை என்பது பெறப்படும். கூரை, நீர், தீ, விளக்கு, காவல் ஆகியவற்றின் தேவையை அது நுணுக்கமாக அறிந்திருந்தது. அவற்றை அடக்கி ஒழுங்குசெய்யும் கைத்திறனைப் போற்றியது. ஆயின் அவை அனைத்தும் அமைந்தபின்னும் உறக்கம் வராதிருக்கலாம் என்பதையும், தழைக்கூரையின் கீழே இனிய துயில் வரலாம் என்பதையும் ஒருங்கே பாடியது. இரண்டுக்கும் நடுவே அது வைத்த அளவுகோல் மீளும் நாள். அந்நாள் தெரிந்தவனுக்கு மணலும் மெத்தை. தெரியாதவனுக்கு மாடமும் சிறை. முல்லையின் உரிப்பொருளாகிய இருத்தல் என்பது ஓரிடத்தில் இருப்பதன்று. மீட்சி உண்டு என்னும் உறுதியில் இருப்பது.

இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கினால், ஓய்வுநாளில் வீட்டுவண்டியைக் காட்டோரம் நிறுத்தும் பயணியை இகழ வேண்டியதில்லை. அளந்து வாழும் பழைய கல்வியை அவன் சில நாளேனும் மீட்டெடுக்கின்றான். தன் இன்பத்துக்குக் காரணம் வண்டியில் உள்ள கருவிகள் அல்ல, அவனுக்காகக் காத்திருக்கும் வீடே என்பதை அவன் உணர்வானாயின், அவ்வுணர்வே அவன் பெறும் பெரும் பயன். தான் விட்டுச்செல்லும் அடுப்புக் கல்லில் அடுத்து யார் சமைப்பார் என்பதையும், தன் வண்டியை இழுத்தது எது என்பதையும் எண்ணுவானாயின் அகமும் புறமும் கற்றவனாவான்.

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் மீண்டும் நடைபெறுகின்றது. பேருந்திலும் காரிலும் வந்தோர் கரையோரத்தில் பாய் விரித்துத் தங்குகின்றனர். கடல்நீரில் விளக்கு ஏற்றப்படுகின்றது. அக்கரையில் ஓரிரவு தங்குவோருள், மறுநாள் திரும்பிச் செல்ல வீடுள்ளோரும் உள்ளனர்; இன்னும் திரும்பாதோரும் உள்ளனர். ஒரே மணலில் ஒரே விளக்கின் முன் இருக்கும் அவ்விருவரின் இரவுகள் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை மறவாது பேசும் எழுத்தே இப்பொருளைப் பற்றிப் பேசத் தகுதியுடையது.